பால்மரக் காட்டுக்குப் பறை எது?

இசை என்றால் பாட்டு, பாட்டு என்றால் சொல் என்று கொள்ளும் வழக்கம் நம்மவரிடை வேரூன்றிப் போயிருக்கிறது. ஒரு பாட்டைப் பற்றி ஒருவரிடம் அபிப்பிராயம் கேட்டுப் பாருங்கள். முதலில் அதன் கருத்தைச் சொல்வார். அடுத்துப் பாடியவரின் குரலைப் புகழ்வார். மெட்டு மூன்றாவதாக வரும். தாளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசுவாராயின், அவர் தவில்காரர் வீட்டுப் பிள்ளையாகத்தான் இருத்தல் வேண்டும். சொல்லும் இல்லாமல், முணுமுணுக்க ஒரு மெட்டும் இல்லாமல், இருக்கும் இடத்தைத் தன் ஓசையால் சூழ்ந்து நிற்கும் இசை ஒன்று உண்டு என்றால், "அஃது இசையோ, இரைச்சலோ?" என்று கேட்பாரே நம்மிற் பலர். அத்தகைய இசையொன்றைப் பற்றி எழுதவே இக்கட்டுரையைத் தொடங்கினேன். அது பிறந்த இடம் சபாமண்டபம் அன்று. பிள்ளைகள் விளையாடும் ஒரு பெட்டி. ஆயினும் அதைக் கேட்டுக் கேட்டு நான் கடைசியில் வந்து நின்ற இடம் பேராக் மாநிலத்துப் பால்மரக் காடாகவே இருந்தது. அந்த வழியை வாசகர்க்கு உள்ளபடியே சொல்லுகிறேன்.

ஹிரோகாசு தனாகா என்பவர் 1957-ஆம் ஆண்டு கியோத்தோ நகரிற் பிறந்தவர். மின்னணுப் பொறியியல் படித்து 1980-இல் நிண்டெண்டோ கம்பெனியில் ஓசைப் பொறியாளராகச் சேர்ந்தார். அவருடைய முதல் வேலை இசையமைப்பு அன்று. ஓசை எழுப்பும் கருவிகளை அமைப்பதும், துப்பாக்கி வெடிப்பது, கதவு திறப்பது, ஆள் குதிப்பது முதலிய சிறு ஓசைகளை உண்டாக்குவதுமே. இதனை வாசகர் மனத்திற் கொள்க. இராகம் கற்று வந்த வித்துவான் அல்லர் அவர். ஓசையைச் செய்து பழகிய தொழிலாளி. 1986-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜப்பானில் வெளிவந்த 'மெட்ராய்ட்' என்னும் வீடியோ விளையாட்டுக்கு இவர் இசையமைத்தார். ஒரு வீரர் கவசம் பூண்டு, வேறொரு கிரகத்தின் நிலத்தடிக் குகைகளில் தன்னந்தனியே இறங்கிச் செல்வது அவ்விளையாட்டின் கதை. வழி காட்டுவார் இல்லை. பேச்சுத் துணையும் இல்லை.

அக்காலத்து விளையாட்டுகளின் இசை எப்படி இருந்தது? குதூகலமான ஒரு மெட்டு, கடைத்தெருக் குடை இராட்டினத்தின் பாட்டைப் போலத் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும். விளையாடுகிறவன் பாதாளத்தில் இருந்தாலும் சரி, பட்டப்பகலில் இருந்தாலும் சரி, அதே உற்சாகந்தான். தனாகா இதனை வெறுத்தார். விளையாட்டின் உலகம் உயிருள்ள ஓர் உடம்பைப் போல ஒலிக்க வேண்டும். இது இசை, இது வெடியோசை என்று கேட்பவர் பிரித்தறிய இயலாதபடி இரண்டும் கலந்து போகவேண்டும் என்பது அவர் கொண்ட நோக்கம். வாய்விட்டுப் பாடத்தக்க மெட்டை விளையாட்டின் முடிவு வரை கொடுப்பதில்லை என்றும் தீர்மானித்தார். இறுதிப் பகைவனை வென்ற பின்னரே மெட்டு பிறக்க வேண்டுமாம்.

அவர் கையில் இருந்த கருவியோ மிக எளியது. 1983-இல் விற்பனைக்கு வந்த அந்தப் பெட்டியில் மொத்தம் ஐந்து குரல்களே உண்டு: சதுர அலையில் ஒலிப்பவை இரண்டு, முக்கோண அலையில் ஒலிப்பது ஒன்று, வெறும் இரைச்சல் ஒன்று, பதிவு செய்த ஓசைத் துணுக்குகளை ஒலிப்பது ஒன்று. தட்டில் வந்த விளையாட்டுகளுக்கு மேலும் ஒரு குரல் கிடைத்தது. முக்கோணக் குரலுக்கு ஓசையைக் கூட்டவும் குறைக்கவும் வகையில்லை. ஒலித்தால் ஒரே அளவில் ஒலிக்கும், இல்லையேல் ஊமை. கதை, படம், இசை அனைத்தும் அடங்கவேண்டிய தட்டின் கொள்ளளவு 112 கிலோபைட்டு. இன்று நம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதனினும் பன்மடங்கு பெரியது. இவ்வளவு வறிய முதலைக் கொண்டு அவர் என்ன செய்தார் என்பதே நாம் ஆராய வேண்டுவது.

அவ்விளையாட்டின் கடைசிப் பகுதியாகிய 'தூரியன்' என்னும் இடத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே மெட்டென்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. எங்கோ நீர் சொட்டுவது போல ஓரோசை, சற்றே இடைவெளி, இரும்பில் இரும்பு தொட்டது போல மற்றோரோசை, மீண்டும் இடைவெளி. அந்த இடைவெளியின் அளவு ஒரு சுற்றில் பழகி விடுகிறது. காது அடுத்த சொட்டை எதிர்பார்க்கத் தொடங்குகிறது. எதிர்பார்த்த கணத்தில் அது வந்தாலும் அச்சம் தருகிறது, வராவிடினும் அச்சம் தருகிறது. அதே சமயத்தில் விளையாடுகிறவனின் காலடி, அவன் சுடும் வெடி, அவனுக்காகத் திறக்கும் கதவு ஆகிய யாவும் அந்த ஓசைகளின் நடுவே விழுகின்றன. சில நாழிகை கழிந்ததும் இவற்றுள் எது இசையமைப்பாளர் வைத்தது, எது தன் விரல் செய்தது என்று அவனுக்கே விளங்குவதில்லை. கேட்பவனையே பக்கவாத்தியக்காரனாக்கி விடுகிறார் தனாகா. கச்சேரி மேடையில் இது நடவாது. அங்கே நாம் கைகட்டி உட்கார்ந்திருக்கிறோம்.

மெட்டுப் போடத் தெரியாதவர் மெட்டை விலக்கினார் என்று சொல்வதற்கும் இடமில்லை. 1989-இல் கைப்பெட்டியாக வந்த கேம் பாய்க் கருவியில் டெட்ரிஸ் விளையாடியவர் அனைவரும் ஒரு மெட்டை அறிவர். 'கொரோபெய்னிகி' என்னும் ருஷிய நாட்டுப்பாடல் அது. அதனை அக்கருவிக்கென அமைத்துக் கொடுத்தவர் இதே தனாகா. ஈப்போவில் என் தாய்மாமன் வீட்டுப் பிள்ளைகளோடு அந்தப் பெட்டிக்காகச் சண்டையிட்ட நாட்களில் அம்மெட்டு இரவில் தூக்கத்திலும் என்னை விட்டதில்லை. ஒருவனை வாரக்கணக்கில் விடாமல் பிடிக்கும் மெட்டை அமைக்க வல்லவர், மூன்றாண்டுகளுக்கு முன் வேண்டுமென்றே அதனைத் தம் கையிலேயே மூடி வைத்திருந்தார் என்பதுதான் எனக்கு வியப்பைத் தருகிறது.

குறை இல்லாமலும் இல்லை. விளையாட்டுத் தொடங்கும் 'பிரின்ஸ்டார்' பகுதியில் அவர் தம் விரதத்தைத் தாமே முறித்துவிட்டார். அங்கே வருவது படைநடைக்கு ஏற்ற ஒரு மெட்டு, எவரும் சீட்டியடிக்கலாம். தொடக்கத்திலேயே வாங்குவோரை மிரட்டி விரட்டலாகாதென்று கருதினார் போலும். அன்றியும், எத்துணை நுட்பமாக அமைத்த ஓசையும் ஒரு சிறு சுற்றாகத் திரும்பத் திரும்ப வருமானால் ஒரு கட்டத்தில் சலித்தே தீரும். வழி தவறி ஒரே குகையில் ஒரு மணி நேரம் சுற்றியவன் அச்சத்தை மறந்து தலைவலியை அறிகிறான். இதனை மறைத்து அவரை வானளாவப் புகழ்வது விமரிசனம் ஆகாது.

மேனாட்டார் இவ்வகைக்கு முன்னோடிகளைக் காட்டுவர். பிரெஞ்சு நாட்டு எரிக் சத்தி 1917-இல், அறையில் நாற்காலி கிடப்பது போலக் கிடக்கவேண்டிய இசை என்று ஒன்றை எழுதினார். ஆங்கிலேயர் பிரையன் ஈனோ 1978-இல் விமான நிலையங்களுக்கென ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். ஜப்பானிலேயே ஹிரோஷி யோஷிமுரா 1982-இல் அமைதியான சூழல் இசையைத் தந்தார். இவர்கள் இசை நம்மை இளைப்பாறச் செய்வது. தாளத்தை அது பெரிதாக நாடுவதில்லை. தனாகாவின் இசையிலோ நாடி இருக்கிறது, துடிப்பு இருக்கிறது. இளமையில் அவர் ஜமாய்க்கா தீவினரின் ரெக்கே இசையிலும், அதிலிருந்து பிறந்த டப் என்னும் வகையிலும் தோய்ந்தவர். பாட்டிலிருந்து குரலைக் கழற்றி எறிந்துவிட்டு அடித்தாளத்தையும் எதிரொலியையும் மட்டும் நிறுத்துவது டப்பின் முறை. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கரும்புத் தோட்டத் தீவொன்றிற் கண்ட உபாயம், கியோத்தோ நகரத்துப் பொறியாளர் ஒருவர் கைவழியே உலகத்துப் பிள்ளைகளிடம் சென்றது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். ஜப்பானியன் புகழை நம் தோட்டத்து மக்களிடம் பாடலாமோ என்று ஒரு முதியவர் என்னை நேரிலேயே கேட்டார். அவர் கேட்டதிற் பிழையில்லை. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா ரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட நம்மவரில் பல்லாயிரவர் திரும்பவேயில்லை. பேராக்கில் அந்தக் கதை இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு. அந்த ஆட்சியின் கொடுமையை மறப்பதற்கில்லை. போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் பிறந்த ஓர் ஓசைத் தொழிலாளியை அக்கணக்கில் எழுதுவதற்கும் இல்லை. என்னைக் கேட்ட பெரியவரும் இதற்கு மேல் வாதிக்கவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைக் கூறுமிடத்து, தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்று அடுக்கி, அவற்றோடு பறையையும் சேர்த்துச் சொல்கிறார். உரையாசிரியர்கள் அதனை விரித்து, குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணையும் மணமுழவும், நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என்று வகுத்தனர். இதைப் பள்ளிப் பாடமாக நெட்டுருச் செய்தவர் அனேகர். இதன் பொருளை எண்ணிப் பார்த்தவர் சிலரே. மரமும் பறவையும் ஒரு நிலத்தில் இருப்பது போலவே பறையோசையும் அந்நிலத்தில் இருக்கிறது என்பதன்றோ இதன் கருத்து? கேட்பதற்கென்று ஒருவர் கூட்டம் கூட்டி, சீட்டு வாங்கி, மேடை கட்டிய இசையை அவர் சொல்லவில்லை. நிலத்தின் தொழிலோடு, காலத்தோடு, அங்கு வாழ்வோர் உடம்போடு கூடிக் கிடக்கும் ஓசையைச் சொன்னார். சூழல் இசை என்று மேனாட்டார் இன்று புதுப்பெயர் சூட்டி விற்கும் கருத்துக்கு நம் இலக்கணத்தில் இடம் உண்டு. பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. விமானம் முதல் அணுகுண்டு வரை யாவும் நம் ஏட்டில் இருந்தன என்று கூறும் கூட்டத்தோடு எனக்கு உறவில்லை. இலக்கணத்தில் இருந்தும் நம் செவியில் இல்லையே என்பதுதான் என் குறை.

அப்படியாயின், பால்மரக் காட்டுக்குப் பறை எது? 1877-இல் கோலகங்சாரில் இம்மாநிலத்தின் முதல் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. ஐந்திணையில் அடங்காத ஒரு நிலத்தை வெள்ளையர் முதலும் நம் பாட்டன்மார் உடலும் சேர்ந்து உண்டாக்கின. அந்த நிலத்துக்கென ஓசைகள் இருந்தன. விடியுமுன் பெரட்டு மணி, இருட்டில் நெற்றி விளக்கோடு நிரை நிரையாக நடக்கும் காலடி, உளி பட்டையைச் சீவும் ஓசை, மங்கில் பால் சொட்டுவது, பழுத்த காய் வெடித்துச் சிதறுவது. சொட்டுக்கும் சொட்டுக்கும் இடையே ஓர் அளவு உண்டென்று பால்மரம் சீவிய கிழவிகள் சொல்வார்கள். தூரியனை முதன்முதல் கேட்டபோது எனக்கு நினைவு வந்தது இதுவே. நான் வேலைக்கு வந்த காலத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆகவே அந்த ஓசைகளைப் பெரும்பாலும் பெரியவர்கள் வாய்மொழியாகவே அறிவேன்.

ஆனால் இவை இயற்கையும் தொழிலும் எழுப்பிய ஓசைகள். மனிதர் கைவைத்துச் செய்த ஓசை, தப்பும் உறுமியுமே. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் காலைப் பெரட்டுக்கு ஆள் கூப்பிடவே தப்படித்தார்கள். நம் தோட்டங்களில் தப்பு, சாவுக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் ஒலித்தது. தப்பைத் தீயில் காட்டித் தோலை முறுக்கேற்றி, ஒன்று நெடியதும் ஒன்று குட்டையுமான இரண்டு குச்சிகளால் அடிக்கிறார்கள். உறுமியோ வேறொரு பிராணி. இடை சிறுத்த அதன் உடலின் ஒரு முகத்தைக் குச்சியால் தட்டுவர். மறுமுகத்தை வளைந்த குச்சி ஒன்றால் தேய்ப்பர். தேய்க்கும் முகத்திலிருந்து எழுவது அடியோசை அன்று. அடிவயிற்றிலிருந்து வரும் முனகலைப் போன்ற நீண்ட ஓசை. அதன் பெயரே அதன் குணம். ஒரே கருவியில் இடையறாத சுருதியும் தாளமும் ஒருங்கே பிறக்கின்றன. தம்பூராவையும் மிருதங்கத்தையும் ஒரு தோலுக்குள் கட்டிவைத்தாற் போல என்று சொல்லலாம். ஆயினும் தம்பூரா பாடகனைத் தாங்குவதற்கு உள்ளது, உறுமி எவரையும் தாங்குவதில்லை. பாட்டு வருமென்று அது காத்திருப்பதுமில்லை.

உறுமி அடிப்பவரைக் கூர்ந்து பாருங்கள். அவர் கண் தம் கருவியின் மேல் இராது. எதிரே ஆடுபவரின் காலின் மேலோ, பிணத்தின் அருகே அழும் பெண்ணின் தோளின் மேலோ இருக்கும். அந்த உடம்பு தளர்ந்தால் நடை தளர்கிறது. அது விம்மினால் தேய்ப்பு நீள்கிறது. கூட்டம் தெருமுனையில் திரும்பினால் அடி மாறுகிறது. தொடக்கம், நடு, முடிவு என்று வரையறுத்த உருப்படி ஒன்றும் அவரிடம் இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் ஒரு சுற்று ஓடும். விளையாடுகிறவன் ஒரு குகையிலிருந்து மற்றொன்றுக்குப் போனதும் இசையை மாற்ற நிண்டெண்டோவின் பெட்டி ஒரு கணக்குப் போட்டது. அதே கணக்கை நம்மவர் கண்ணாலும் மணிக்கட்டாலும் போட்டுக்கொண்டிருந்தனர். இன்னும் சொல்லப்போனால், தனாகாவுக்குச் சலிப்பை உண்டாக்கிய குறை இங்கே இல்லை. பெட்டிக்குக் கேட்பவன் களைத்தது தெரியாது, உறுமிக்காரருக்குத் தெரியும்.

இவ்வளவு சொன்னதும் சீர்திருத்த அன்பர்கள் புருவத்தை நெறிப்பார்கள் என்பதை நான் அறிவேன். தைப்பூசத்தன்று புந்தோங் மாரியம்மன் கோவிலிலிருந்து குனோங் சீரோ மலைக் கோவில் வரை அலகு குத்திக் காவடி தூக்கிப் போகிறவர்களை ஆவேசம் கொள்ளச் செய்வது இந்த உறுமிதானே என்பார்கள். ஆம், அதுதான். 1929-ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் இதே ஈப்போவுக்கு வந்து பேசினார்; அதன் பிறகு முப்பதுகளில் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் சீர்திருத்தக்காரர்கள் காவடியையும் தீமிதியையும் விடாமல் கண்டித்து எழுதினார்கள். அவர்கள் கண்டித்தது சரி என்பதே என் கொள்கை. கன்னத்தில் வேல் குத்துவதால் கடன் தீராது. தீர்ந்ததாகச் சொன்ன எவருடைய கணக்குப் புத்தகத்தையும் நான் கண்டதில்லை. ஆயினும் மயக்கத்துக்குப் பயன்பட்ட காரணத்தால் ஓசையையே குற்றவாளியாக்குவது எவ்வகை நியாயம்? சிங்கப்பூரில் 1973-இல் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியங்களுக்குத் தடை விதித்தார்கள். 2016-இல்தான் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. நாற்பதாண்டுக்கு மேற்பட்ட அந்தத் தடைக்காலத்தில் காவடி குறைந்ததா? குறையவில்லை. மூடநம்பிக்கை பறை இல்லாமலும் நடந்தது.

இதனினும் கடியது சாதிக் கேள்வி. பறையடிப்பது ஒரு கூட்டத்தாரின் பிறவிக் கடமை என்று ஊர் விதித்தது. சாவு வீட்டில் கூலியில்லாமல், கள்ளும் எச்சிற்சோறும் கொடுத்து அடிக்கச் சொன்னது. அந்த இழிவை உதறிய தோழர்கள் பறையையும் உதறினார்கள். அந்த உதறலை நான் இம்மியும் குறை கூறேன். மனிதன் முதலில், கலை பிறகு. ஆனால் உதறியவர்களின் பிள்ளைகளே பின்னர் அதைக் கையில் எடுத்தார்கள். தமிழ்நாட்டில் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறை தூக்கி ஆடினார்கள். 2025-இல் மதுரை வேலு ஆசானுக்குப் பறையிசைக்காகப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கடமையாக அடித்தவன் வேறு, விருப்பத்தால் அடிக்கிறவன் வேறு. இந்த வேறுபாட்டை இங்குள்ள நம் நடுத்தர வகுப்பார் இன்னும் உணரவில்லை. இவர்கள் உறுமிச் சத்தம் கேட்டதும் சன்னலைச் சாத்துவதற்குக் காரணம் பகுத்தறிவு அன்று. "நாம் தோட்டத்தாள் இல்லை" என்று அண்டை வீட்டாருக்குக் காட்டிக்கொள்ளும் ஆசையே.

இதில் என் பங்கையும் சொல்லிவிடுவது முறை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்து விழாக் குழுவில் செயலாளனாக இருந்தேன். இங்கிலீஷ் படித்தவன், கிராணி, கணக்கெழுதத் தெரிந்தவன் என்று அப்பதவியைக் கொடுத்தார்கள். தப்பும் உறுமியும் வேண்டாம், ஒலிபெருக்கியில் பக்திப் பாடல் வைத்தால் போதும், செலவும் மிச்சம், நாகரிகமும் ஆகும் என்று தீர்மானம் எழுதியவன் நானே. எவரும் எதிர்க்கவில்லை. வழக்கமாக அடிக்கும் முதியவர் அன்று கோவில் வாசலில் மற்றவர்களோடு நின்று, ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த ஆண்டும் ஒலிபெருக்கியே வந்தது. இப்போது அங்கே உறுமி அடிக்கத் தெரிந்தவர் இல்லை.

நம் இசை இயக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் கண்டவர்கள் தெலுங்குக் கீர்த்தனைகளின் ஆதிக்கத்தை எதிர்த்து, தமிழன் கேட்கும் பாட்டுத் தமிழில் இருக்கட்டும் என்று போராடினார்கள். அந்தப் போராட்டம் நியாயமானது. அதற்கு முன்பே ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் 'கருணாமிர்த சாகர'த்தையும், அதன்பின் விபுலாநந்தர் 1947-இல் 'யாழ் நூலை'யும் தந்தார்கள். சுருதியும் பண்ணும் யாழும் ஆராயப்பட்டன. இவ்வளவு உழைப்பிலும் சொல்லுக்கு ஒரு சங்கம் கிடைத்தது, நரம்புக்கு ஒரு நூல் கிடைத்தது. தோலுக்கு வாசற்படிக்கு வெளியேதான் இடம். பிறகு சினிமா வந்து, பாட்டென்றால் சினிமாப் பாட்டு என்றாக்கிவிட்டது.

அதன் விளைவை அண்மையில் ஒரு நல்ல முயற்சியிலேயே கண்டேன். 2023-ஆம் ஆண்டு ஜூலையில் கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் குழுவினர் 'வெண்பா' என்னும் வீடியோ விளையாட்டை வெளியிட்டனர். 1980-களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்ப் பெண், கிழிந்தும் கறைபட்டும் போன தன் தாயின் சமையற் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்டலியும் புட்டும் சமைப்பதே விளையாட்டு. பகைவன் இல்லை, வெடி இல்லை. மகன் தாய்மொழியை விட்டு விலகுவதைக் காட்டும் இடங்கள் நம் வீடுகளின் படமாகவே இருக்கின்றன. 2024-இல் பிரிட்டிஷ் அகாடமியின் அறிமுக விளையாட்டு விருது அதற்குக் கிடைத்தது, தகுந்ததே. ஆயின் இசை? ஒவ்வொரு காலத்துத் தமிழ்ச் சினிமாப் பாட்டின் பாணியில் புதிதாக அமைத்த பாடல்கள் அடுப்பங்கரை வானொலியில் ஒலிக்கின்றன. அழகான பாடல்கள், பிரிந்து வந்தவரின் ஏக்கத்துக்கு வானொலியைத் தவிர வேறு பொருத்தமும் இல்லை. ஆனாலும் அந்த விளையாட்டில் என் மனத்தைத் தொட்டது பாட்டன்று. எண்ணெயிற் கடுகு வெடிப்பதும், ஆவி சீறுவதும், மூடி தட்டுப்படுவதுமே. அந்த ஓசைகளை எடுத்துத் தாளமாக வளர்த்திருந்தால் தனாகா குகைக்குச் செய்ததை அவர்கள் அடுக்களைக்குச் செய்திருப்பார்கள். கையில் இருந்த பறையை விட்டு வானொலியைத் திருப்பினார்கள்.

இன்றைய உறுமிக் குழுக்களைப் பற்றியும் புகழ்ச்சியாகவே பேச முடியாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மக்கள் பட்டணத்துக்குப் போன பின், ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்திலும் இளைஞர்களே குழு அமைத்து, ஒரே நிறச் சட்டையணிந்து உறுமியும் பம்பையும் தாளமும் முழக்குகிறார்கள். வேலையும் மதிப்பும் கிடையாத பிள்ளைகளுக்கு அதனால் ஓர் ஒழுங்கும் உறவும் உண்டாகின்றன. இவர்களைக் காலிகள் என்று பொத்தாம்பொதுவாக ஏசுவது அநியாயம். ஆனால் இவர்கள் வாசிப்பில் இடைவெளி செத்துப் போயிற்று. எல்லாரும் எப்போதும் முழு வேகத்தில் அடிக்கிறார்கள். போதாதென்று சினிமா மெட்டில் பக்திச் சொற்களைப் போட்டு ஒலிவாங்கியில் பாடுகிறார்கள். உறுமியின் தேய்ப்பு எங்கோ அடியில் நசுங்கிக் கிடக்கிறது. மெட்டை முடிவு வரை மறைத்து வைத்த ஜப்பானியரிடம் இவர்கள் கற்க வேண்டியது இதுவே. மெட்ராய்ட் விளையாட்டின் முடிவில், விரைந்து வென்றவர்க்கு, கவசத்துக்குள் அதுவரை இருந்த வீரர் ஒரு பெண் என்பது காட்டப்படுகிறது. தனாகா அதுவரை அடக்கி வைத்த மெட்டும் அப்போதுதான் முழுமையாக வருகிறது. நெடுநேரம் மெட்டில்லாமல் இருந்த செவிக்கு அது என்ன செய்கிறது என்பதை எழுத்தில் சொல்ல வராது.

இக்கட்டுரையை எழுதத் தொடங்குமுன், ஒலிபெருக்கியைப் பார்த்து நின்றார் என்று மேலே சொன்னேனே, அந்த முதியவரைச் சென்று கண்டேன். சுங்கை சிப்புட்டுப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். கை நடுக்கம் கண்டிருக்கிறது. தூரியன் இசையைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு சுற்றுக் கேட்டார். மூன்றாம் சுற்றில் நாற்காலிக் கையில் விரலால் தட்டினார்; ஓசை வரும் இடங்களில் தட்டவில்லை, ஓசை இல்லாத இடங்களில் தட்டினார்.

"யாருக்கு அடிக்கிறான், கிராணியாரே? சாவா?" என்றார்.

"சாவு இல்லை, ஐயா. குகைக்குள்ளே ஒருத்தர் தனியாகப் போகிறார். அவருக்கு."

"துணைக்கு ஆள் இல்லையா?"

"இல்லை."

இன்னும் ஒரு சுற்றுக் கேட்டார். "அப்படியென்றால் சரிதான். ஆனால் தனியாகப் போகிறவனுக்கு இவ்வளவு வேகம் கூடாது. அவன் மூச்சைப் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள்" என்றார்.

உறுமி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். தோல் கிழிந்துவிட்டது, கட்டை மட்டும் பரணில் கிடக்கிறது என்றார். தோல் போட்டுத் தருவார் ஈப்போவில் இருப்பதாகக் கேள்வி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போகிறேன்.